டெப்ஸ் ஸ்கிரிப்டைத் தூக்கிப் போடலாமா?

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அரிசி ஆலைகளுக்கான எடைமேடைக் கணக்கு மென்பொருள், முழுக்க சி பிளஸ் பிளஸ். வெளியாட்கள் எழுதிய ஏழெட்டு லைப்ரரிகள் (‘டெப்ஸ்’ என்போம்) அதற்குத் தேவை. அவற்றை இறக்கி கம்பைல் செய்ய எங்கள் சீனியர் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறார். லைப்ரரிக்கு ஒரு கிட் குளோன் (கோடை இறக்க), ஒரு மேக் (கம்பைல் செய்ய), அவ்வளவுதான். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் லேப்டாப்பில் அதை ஓட்டினோம், பில்டு ஆகவில்லை. என் மெஷினில் அதே கோடு ஓடுகிறது. "இந்தக் காலத்தில் யார் ஷெல் ஸ்கிரிப்ட் வைத்துக்கொண்டு அல்லாடுவது, லைப்ரரிகளைத் தானே கொண்டுவரும் பேக்கேஜ் மேனேஜருக்குப் போய்விடலாம்" என்கிறார் அவர். "ஆறு வருஷமாக ஓடுகிறதே" என்கிறார் சீனியர். நடுவில் நான்.

இன்னொன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெட் போனபோது, அப்போதுதான் ஃபார்மட் செய்த மெஷினில் லைப்ரரிகளை இறக்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் நம் ரெப்போவிலேயே (எங்கள் கோடு இருக்கும் கிட் கிடங்கு) போட்டு வைத்துவிட்டால் என்ன?

எஸ்., அம்பாசமுத்திரம்

அன்புள்ள எஸ்.,

ஸ்கிரிப்டைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் சீனியர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. ஆறு வருஷம் ஓடியது ஸ்கிரிப்டின் சாமர்த்தியமில்லை, அந்த லைப்ரரிக்காரர்கள் பெரிதாக எதையும் மாற்றாமல் இருந்த புண்ணியம். உங்கள் மெஷினில் கிடப்பது பழைய குளோன், அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது போன வாரத்துக் குளோன். எங்கிருந்து எடுப்பது என்று ஸ்கிரிப்டில் இருக்கிறது, எதை எடுப்பது என்று இல்லை. பேக்கேஜ் மேனேஜருக்குப் போனாலும் வெர்ஷனைக் கட்டிப் போடாவிட்டால் இதே கதைதான்.

டேக் பெயரை (வெர்ஷனுக்கு ஒட்டும் சீட்டு) கொடுத்தால் போதாதா என்று சீனியர் கேட்பார். போதாது. டேக்கை வேறொரு கமிட்டுக்கு (கோடின் ஒரு சேமிப்புக்கு) நகர்த்த ரெப்போவின் சாவி வைத்திருப்பவருக்கு ஒரு நிமிஷம் ஆகாது. 2025 மார்ச்சில் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற தானியங்கி பில்டு வசதியில் பலரும் பயன்படுத்திய ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ச்டு-ஃபைல்ஸ்’ என்ற துணுக்குக்கு நடந்தது அதுதான். உள்ளே புகுந்தவர்கள் பழைய டேக்குகளைக்கூட நச்சுக் கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். முழு கமிட் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை) எழுதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். மேலப்பாளையம் சந்தையில் மாடு வாங்குகிறவர் தரகர் சொன்ன வயதைக் கேட்டுக்கொள்வார், ஆனால் பல்லைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் கயிற்றில் கை வைப்பார். அந்தப் பல்தான் ஹாஷ்.

ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் வையுங்கள். வரிக்கு ஒரு லைப்ரரி: பெயர், முகவரி, 40 எழுத்துக் கமிட் ஹாஷ். ஸ்கிரிப்ட் அதை வரிவரியாகப் படித்து, ‘கிட் ஃபெட்ச்’ கட்டளைக்கு அந்த ஹாஷையே கொடுத்து, ஆழம் 1 என்று சொல்லி இறக்கட்டும். முழு வரலாறும் வராது, சீக்கிரம் முடியும். இதில் எனக்குப் பிடித்தது வேறொரு விஷயம். லைப்ரரியைப் புதுப்பிப்பது என்றால் இனி அந்த ஃபைலில் ஒரு வரி மாறுவது. யார் மாற்றினார், எப்போது, ஏன் என்பதெல்லாம் உங்கள் கிட் லாகிலேயே கிடக்கும். ஸ்கிரிப்டை யாரும் தொடவே வேண்டாம்.

கிட்டில் கிடைக்காமல் டார்பாலாக (சுருக்கிக் கட்டிய ஃபைல் பொதியாக) மட்டும் வரும் லைப்ரரி இருந்தால் அதன் ஷா256 தொகையையும் (ஃபைலின் கைரேகை) அதே வரியில் எழுதி, இறக்கியதும் ஒப்பிட்டுப் பாருங்கள். கிட்ஹப் தானாகத் தயாரித்துக் கொடுக்கும் ஆர்க்கைவை நம்பி இதைச் செய்யாதீர்கள். 2023 ஜனவரியில் அங்கே சுருக்கும் முறையை மாற்றினார்கள். உள்ளே இருந்த கோடு அப்படியேதான் இருந்தது, ஆனால் தொகைகள் மாறிப்போய் ஊரெங்கும் பில்டு உடைந்தது. பிறகு பழையபடிக்கே திருப்பினார்கள். லைப்ரரிக்காரர் தாமே ஏற்றி வைத்த ஃபைல் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

அதற்காக ஹாஷ் சரியாக இருந்தால் சரக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. 2024இல் பிடிபட்ட, எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் விவகாரத்தில், பின்வாசலைத் திறந்துவிடும் வரிகள் ரெப்போவில் இல்லை, 5.6.0, 5.6.1 டார்பால்களுக்குள் மட்டும்தான் இருந்தன. நேற்று பார்த்து ஒப்புக்கொண்டதுதான் இன்றும் வந்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் ஹாஷ் சாட்சி. ரெப்போ, டார்பால் இரண்டும் கிடைத்தால் நான் ரெப்போவைத்தான் எடுப்பேன்.

இப்போது ஷெல்லின் குணக்கேடுகள். ஃபைல் இறக்கும் ‘கர்ல்’ கட்டளைக்கு ‘-எஃப்’ கொடுக்காவிட்டால், ஃபைல் இல்லை என்று சர்வர் அனுப்பும் 404 பக்கத்தையே சமர்த்தாக டார்பால் பெயரில் சேமித்துவிட்டு ‘வெற்றி’ என்று திரும்பும். அடுத்த வரியில் பொதியைப் பிரிக்கும் ‘டார்’ வந்து, இது ஜிசிப் வடிவத்திலேயே இல்லை என்று கத்தும். நீங்கள் ‘டார்’ மேல் சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஃபைலைத் திறந்து பார்த்தால் முதல் வரியிலேயே எச்டிஎம்எல் சிரிக்கும். ‘-எஃப்’ கொடுத்தாலும், இறக்குவதை நேராகக் குழாய் வழியே, ஸ்கிரிப்டை ஓட்டும் ‘பாஷ்’ஷுக்கு அனுப்பினால் பயனில்லை. இறக்கம் தோற்றால் பாஷுக்கு ஒன்றுமே வராது. ஒன்றும் வராவிட்டால் அது சந்தோஷமாகப் பூஜ்யத்தை, அதாவது ‘வெற்றி’யை, திருப்பும். முதலில் ஃபைலாக இறக்கு, சரிபார், அப்புறம் ஓட்டு.

2021இல், டெஸ்டுகள் எவ்வளவு கோடைத் தொடுகின்றன என்று அளக்கும் கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் ஸ்கிரிப்டை யாரோ திருத்தி, பில்டு மெஷின்களிலிருந்த ரகசியச் சாவிகளை ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கறந்துகொண்டிருந்தார்கள். அதைக் கண்டுபிடித்தது ஒரு வாடிக்கையாளர். ஷா தொகையை ஒப்பிட்டுப் பார்த்தார், பொருந்தவில்லை.

ஸ்கிரிப்டின் தலையில் ‘செட் -இ’, ‘-யு’, ‘பைப்ஃபெயில்’ மூன்றும் இருக்கட்டும், தவறு நடந்தால் ஸ்கிரிப்ட் நிற்கும். இல்லாவிட்டால் ஃபோல்டர் மாறும் ‘சிடி’ தோற்ற பிறகும் ஸ்கிரிப்ட் நிற்காமல், அடுத்த வரியில் இருக்கும், ஃபைல்களை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையை நின்ற இடத்திலேயே நடத்திவிடும். முதல் வரியில் ‘எஸ்எச்’ இல்லாமல் ‘பாஷ்’ என்றே எழுதுங்கள். உபுண்டுவில் ‘எஸ்எச்’ என்பது டாஷ் என்ற வேறொரு ஷெல், அதன் பழைய வெர்ஷன்களுக்குப் பைப்ஃபெயில் தெரியாது.

சரி, அந்தப் பெண் சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. உங்கள் லைப்ரரிகள் தனித்தனியாக நிற்கும் வரை இந்த ஸ்கிரிப்ட் போதும். ஒரு லைப்ரரி இன்னொன்றைக் கேட்டு, அது மூன்றாவதன் குறிப்பிட்ட வெர்ஷனைக் கேட்டு, ஸ்கிரிப்டுக்குள் ‘இந்த வெர்ஷன் இருந்தால் அதை எடு’ என்று இஃப் போட ஆரம்பிக்கும் நாளில், கோனன், விசிபிகேஜி என்ற பேக்கேஜ் மேனேஜர்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கை ஷெல்லில் போடுவது வீண் வம்பு. அதுவரை அவரையே இந்த மாற்றங்களைச் செய்யச் சொல்லுங்கள். சீனியரும் சண்டைக்கு வர மாட்டார்.

வெள்ளத்துக்கு வருகிறேன். சிறிய லைப்ரரிகளைத் தாராளமாக ரெப்போவுக்குள்ளேயே போடலாம். பூஸ்ட் மாதிரி பெருத்தது இருந்தால் வேண்டாம், ரெப்போ வீங்கிவிடும். அதற்கு ஆபீசில் ஒரு மெஷினில் ‘கிட் குளோன் மிரர்’ (ரெப்போவின் முழு நகல்) எடுத்து வையுங்கள். ஸ்கிரிப்ட் முதலில் அங்கே தேடட்டும், இல்லாவிட்டால் வெளியே போகட்டும். (மெஷினை மாடியில் வையுங்கள். தாமிரபரணி எந்த வருஷம் எங்கே வரும் என்று யார் கண்டது.)

ரெப்போவுக்குள் போட்ட பிறகு வேறொரு ஆசை வரும்: ஃபைல் கண்ணெதிரே கிடக்கிறதே, இரண்டு வரி மாற்றிவிடலாமே என்று. அடுத்த முறை புது வெர்ஷனைக் கொண்டுவரும்போது அந்த இரண்டு வரியும் சத்தமில்லாமல் அழிந்துபோகும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் பேட்ச் ஃபைலாக (மாற்றத்தை மட்டும் எழுதிய ஃபைல்) தனியே வைத்து, ‘கிட் அப்ளை’ கொண்டு ஸ்கிரிப்டே பூசட்டும்.

கடைசியாக, லைப்ரரியை உள்ளே கொண்டுவரும்போது லைசென்ஸ் ஃபைலை வெளியே விட்டுவிடாதீர்கள். எம்ஐடி, பிஎஸ்டி உரிமங்கள் கேட்பது பெரும்பாலும் அந்த அறிவிப்பு கூடவே இருக்க வேண்டும் என்பதைத்தான். ஜிபிஎல் இருந்தால் கணக்கே வேறு, முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆலைக்காரர்களுக்கு மென்பொருளைக் கொடுக்கும்போது அந்த ஃபைல்களும் சேர்ந்து போக வேண்டும். அதைக் காப்பி செய்யும் வரியையும் இப்போதே ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.