பிரைவசி பாலிசியில் 'உங்கள் தகவலை விற்க மாட்டோம்' என்று எழுதியிருக்கிறார்களே, நம்பலாமா?

அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நம்பாதீர்கள். பொய் எழுதியிருப்பார்கள் என்று சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் வக்கீல்களை உட்காரவைத்து எழுதுவது அது, அப்பட்டமான பொய் அதில் அவ்வளவு சுலபத்தில் இருக்காது. முதல் பக்கத்தில் விற்க மாட்டோம் என்று இருக்கும், கொஞ்சம் கீழே போனால் எங்கள் குழும நிறுவனங்கள், சேவை வழங்குவோர், வணிகக் கூட்டாளிகள் ஆகியோருடன் பகிரலாம் என்று இருக்கும், அந்தக் கூட்டாளிகள் யார் யார் என்று பெரும்பாலும் இருக்காது. நம்மைக் காப்பாற்ற எழுதிய காகிதம் என்று நினைத்துப் படிப்பதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. நாளைக்கு ஒரு கேஸ் வந்தால் 'இவர் ஒத்துக்கொண்டார், பாருங்கள்' என்று கம்பெனி எடுத்து நீட்டுவதற்காக எழுதியது அது.

நீடாமங்கலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கொள்முதல் நிலையத்தில் நெல் போட முன்பதிவு எல்லாம் செய்கிறோம். அதனால் ஆதார், பாஸ்புக், சிட்டா அடங்கல், ஓடிபி எல்லாம் என் கண் முன்னால்தான் கைமாறுகின்றன.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஒரு அக்கா போனை எடுத்துக்கொண்டு வந்தார். பெண்ணின் கட்-ஆஃபுக்கு எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று ஒரு வெப்சைட்டில் பார்த்திருக்கிறார்கள். மார்க், சாதிப் பிரிவு, ஊர், போன் நம்பர் எல்லாம் கொடுத்தால்தான் பதில் காட்டும். மறுநாள் காலையிலிருந்து கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு என்று கல்லூரி கல்லூரியாக அழைப்பு, பெண்ணின் பெயரைச் சொல்லி, மார்க்கைச் சொல்லி. "தம்பி, இவங்களுக்கு யாரு நம்பர் குடுத்தா?" என்று கேட்டார். அந்த சைட்டின் பாலிசியைத் திறந்து பார்த்தேன். கல்வி நிறுவனங்களுக்குத் தகவலைத் தருவோம் என்று இருந்தது, அதற்கு அடுத்த வரியில், நீங்கள் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று டிஎன்டி-யில் பதிவு செய்திருந்தாலும் அழைக்கச் சம்மதிக்கிறீர்கள் என்று இருந்தது. 'சப்மிட்' பட்டனுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் ஒரு லிங்க், அவ்வளவுதான். பதினேழு வயசுப் பெண், இங்கிலீஷில் எழுதிய பாலிசி, இதற்குச் சம்மதம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவர், சம்பா நடவுக்குக் கூலி கொடுக்க அவசரத்துக்கு ஒரு கடன் ஆப்பில் பணம் வாங்கினார். தவணை தள்ளிப்போனதும் உரக்கடைக்காரருக்கும் சம்பந்தி வீட்டுக்கும் போன் போயிருக்கிறது. அந்த ஆப்பின் பாலிசியில், கடன் தகுதியை மதிப்பிட உங்கள் தொடர்புப் பட்டியலை எடுப்போம் என்று எழுதியே இருந்தது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே கடன் ஆப்கள் போனில் உள்ள தொடர்புகள், கால் விவரம், படங்கள் இவற்றில் கைவைக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டுவிட்டது. ஆனால் பாலிசியில் எழுதிவிட்டால் சட்டம் ஆகிவிடும் என்கிற நினைப்பில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர் ஆப்பை நீக்கிவிட்டார், எடுத்துக்கொண்டு போன நம்பர்கள் திரும்பி வருமா? சம்பந்தி எங்கே 'ஐ அக்ரீ' அழுத்தினார்?

படித்துப் பார்த்துவிட்டு அழுத்த வேண்டியதுதானே என்பார்கள். ஒருவர் ஒரு வருஷத்தில் போகிற சைட்டுகளின் பாலிசிகளை எல்லாம் முழுசாகப் படித்தால் 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2008-லேயே கணக்குப் போட்டார்கள். அது ஸ்மார்ட்போன் நம் ஊருக்கு வராத காலம். அப்புறம், படித்தாலும் மறுக்க வழி வேண்டுமே. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புது பாலிசியைக் காட்டி பிப்ரவரி 8-க்குள் ஒத்துக்கொள்ளச் சொன்னது, எதிர்ப்பு வந்ததால் மே 15-க்குத் தள்ளிவைத்தது. ஐரோப்பாவில் இருந்தவர்களுக்குக் காட்டிய பாலிசி வேறு, அங்கே சட்டம் கடுமை. நம் ஊரில் பள்ளிக்கூடக் குரூப்பிலிருந்து உரக்கடைக் கணக்குவரை எல்லாம் அதில்தான், வேண்டாம் என்று எங்கே போவது? 2024 நவம்பரில் சந்தையில் கம்பெனிகளின் ஆதிக்கத்தைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் இதற்காக வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் போட்டது, அதன்பிறகு அது அப்பீலுக்குப் போனது.

சரி, நமக்கும் சட்டம் வந்துவிட்டதே என்றால், வந்திருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, அதிலும் கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவல் எதற்கு எடுக்கிறோம் என்ற அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தர வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறுவது கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும், இரண்டும் நிஜமாகவே நல்ல விஷயங்கள். 250 கோடி வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்தின் நிதிக்குப் போகும், தகவல் பறிபோனவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. பழைய ஐடி சட்டத்தில் நஷ்டஈடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் எடுத்துவிடுகிறது. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்குப் பத்தாயிரம் வரை அபராதம் என்று மட்டும் மறக்காமல் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

என் யோசனை, கிரயப் பத்திரம் வந்தால் நாம் முதலில் நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியைப் பார்ப்பதுபோல, பாலிசியிலும் பார்க்க வேண்டிய இடங்கள் சிலதான். பிரவுசரில் தேடும் வசதியில் 'ஷேர்', 'அஃபிலியேட்', 'ரீடெய்ன்', 'மெர்ஜர்' என்று இங்கிலீஷில் அடித்துத் தேடுங்கள். யாருக்குக் கொடுப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், கம்பெனியை விற்றால் உங்கள் தகவல் என்ன ஆகும் என்பது அங்கே இருக்கும். கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எச்சிலை வாங்கி மரபணுச் சோதனை செய்து தந்த '23அண்ட்மீ' என்ற அமெரிக்க நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டபோது, ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரம் ஏலத்துக்கு வரும் சொத்தாக நின்றது. நம்பிக் கொடுத்தது ஒரு கம்பெனியிடம், கடைசியில் யார் கைக்குப் போகும் என்பதைக் கொடுத்தவர்கள் தீர்மானிக்க முடியவில்லை.

போனில் செட்டிங்ஸ் போய் எந்த ஆப்புக்குத் தொடர்புகள், இருப்பிடம், மைக் திறந்திருக்கிறது என்று பார்த்து வேண்டாததை மூடுங்கள், இது பாலிசி படிப்பதைவிடப் பலன் தரும். மண்ணின் ஈரத்தைப் பற்றி ஆலோசனை சொல்கிற ஆப்புக்கு உங்கள் தொடர்புப் பட்டியல் எதற்கு?

அப்புறம் பாலிசியின் அடியில் குறைதீர் அதிகாரி என்று ஒரு பெயரும் மெயிலும் இருக்கும், பழைய ஐடி சட்டத்தின் 2011 விதிகளின்படி இருந்தாக வேண்டும். என் தகவல் என்னென்ன வைத்திருக்கிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், அழித்துவிடுங்கள் என்று அதற்கு எழுதுங்கள். அந்த அக்காவுக்கும் அப்படித்தான் எழுதி அனுப்பினோம், கணினி தானாகப் போடுகிற பதில்தான் வந்தது. அதையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். புதுச் சட்டப்படி, புகாரை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போவதற்கு முன்னால் கம்பெனியிடம் முறையிட்டிருக்க வேண்டும், அங்கே போனால் முதலில் கேட்பது அந்தக் காகிதமாகத்தான் இருக்கும்.