டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி: மூன்று வருஷமாக ஒரு ஓப்பன் சோர்ஸ் (கோட் எல்லோருக்கும் திறந்திருக்கிற) மென்பொருளுக்குக் கோட் எழுதுகிறேன். அதைத் தொடங்கிய அண்ணன், அதை வைத்தே போன வருஷம் கம்பெனி ஆரம்பித்தார். அதிலிருந்து அவர் கம்பெனிக்கு வேண்டிய மாற்றங்கள் உடனே மெர்ஜ் ஆகின்றன, அதாவது மென்பொருளில் சேர்ந்துவிடுகின்றன. என்னுடையவை மாதக்கணக்கில் கிடக்கின்றன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். எப்படிக் கேட்பது?

பதில்: உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் அவர் நல்லவரா என்ற கேள்விக்கே போக வேண்டாம். டொமைன் (இணையதள முகவரி), வர்த்தகக் குறி, மெர்ஜ் செய்யும் உரிமை எல்லாம் யார் கையில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள்.

இணையதளம் அமைக்க உதவும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான வேர்ட்பிரஸைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மேட் முல்லன்வெக். 2005-இல் அதை வைத்துத் தொழில் செய்கிற ஆட்டோமேட்டிக் கம்பெனியையும் ஆரம்பித்தார். 2010-இல் வேர்ட்பிரஸ் வர்த்தகக் குறி ஓர் அறக்கட்டளைக்குப் போனது. எல்லாமே அறக்கட்டளையிடம்தான் இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2024 செப்டம்பரில் ஆட்டோமேட்டிக்கின் போட்டிக் கம்பெனியான டபிள்யூபி எஞ்சினோடு தகராறு முற்றியபோதுதான், பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) அப்டேட்களும் வருகிற வேர்ட்பிரஸ்.ஆர்க் தளம் முல்லன்வெக்குக்கே சொந்தம் என்பது அவர்களுக்கு உறைத்தது. அந்தக் கம்பெனிக்குத் தளத்தை அடைத்தார். அக்டோபரில் லாகின் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி முளைத்தது: அந்தக் கம்பெனியோடு பண விஷயத்திலோ வேறு விதத்திலோ எனக்குச் சம்பந்தமில்லை என்று டிக் செய்தால்தான் உள்ளே போகலாம். வருஷக்கணக்கில் காசு வாங்காமல் உழைத்தவர்களும் அதை டிக் செய்ய வேண்டியிருந்தது. அதை எடுக்கச் சொல்லி டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவு போட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. வேர்ட்பிரஸை வைத்துச் சம்பாதிக்கிறவர்கள் அதற்குத் திருப்பியும் தர வேண்டும் என்ற அவர் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதைத் தீர்மானிக்கிறவரே போட்டிக் கம்பெனியின் முதலாளியாக இருக்கக் கூடாது.

பைத்தான் என்ற நிரல்மொழியில் வேறு மாதிரி நடந்தது. 2018-இல் அதை உருவாக்கிய கிடோ வான் ரோசம் தலைமையிலிருந்து ஒதுங்கிக்கொண்ட பிறகு, முடிவெடுக்க ஐந்து பேர் குழு வந்தது. ஒரே கம்பெனியில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது எழுதிவைத்த விதி.

அதனால் பொதுவில் எழுதுவதற்கு முன் போன் செய்யுங்கள். “அண்ணா, உங்க கம்பெனிக்கான மாற்றங்களை வேற ஒருத்தர் பார்த்து மெர்ஜ் பண்ணட்டுமே, உங்க மேலயும் பேச்சு வராது” என்று சொல்லிப் பாருங்கள். சரி என்றால் அன்றைக்கே விதிகளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் டொமைன் பேச்சை எடுங்கள். மறுத்தால், உரிமம் அனுமதிக்கிறபடி கோட் முழுவதையும் நகலெடுத்துத் தனியாக நடத்தலாம். பெயர் மட்டும் உங்களோடு வராது. அந்த முடிவுக்கு முன், உங்களைப் போல் காத்திருக்கிற மற்ற இரண்டு மூன்று பேரிடமும் பேசிவிடுங்கள்.