குரங்குச்சாவடியை மாற்றலாமா?

கேள்வி: எங்கள் வீடு குரங்குச்சாவடியில். வெளியூர் நண்பர்களுக்கு லொகேஷன் அனுப்பினால் சிரிக்கிறார்கள். மேப்பில் பார்த்தால் கோவை ரோட்டில் காக்காபாளையம், ஏற்காட்டில் கரடியூர், ஒண்டிக்கடை! இதையெல்லாம் நாகரிகமாக மாற்றினால் என்ன? - சேலம் வாசகர்

பதில்: மாற்றவே கூடாது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், ஆனால் ஒரு தடவை காதில் விழுந்த குரங்குச்சாவடியை யாராவது மறப்பார்களா? ஏதோ ஒரு நகர், ஏதோ ஒரு கார்டன் என்று வைத்துவிட்டால் ஊருக்கு நாலு இருக்கிற நகர்களில் அதுவும் ஒன்றாகிவிடும், ஆட்டோக்காரர் "எந்த நகருங்க?" என்று கேட்பார். சாவடி என்பது வழிப்போக்கர்கள் தங்கிப்போன இடம். அதே கோவைப் பக்கம் போனால் மகுடஞ்சாவடியும் இருக்கிறது பாருங்கள், வண்டி கட்டிப் போன காலத்துச் சங்கதி இதெல்லாம்.

ஒண்டிக்கடை விஷயத்துக்கு வருவோம். ஏற்காட்டில் அந்த ரவுண்டானா பக்கம் போய் நின்றால் பஜ்ஜி வாசனை, காபித்தூள், மிளகு என்று திரும்பிய பக்கமெல்லாம் கடைதான். ஒற்றைக் கடையை வைத்து வழி சொன்ன ஒரு காலம் இருந்தது என்பதற்கு அங்கே மிச்சமிருப்பது அந்தப் பெயர் மட்டும்தான், அதையும் எடுத்துவிட்டால் என்ன இருக்கிறது? சேலம் செவ்வாய்ப்பேட்டையும் அப்படித்தான், செவ்வாய்க்கிழமை கூடிய சந்தையால் வந்த பெயர். இன்றைக்கு அங்கே இருக்கிற லீ பஜார் சந்தையில் வாரம் பூராவும் மூட்டை இறங்குகிறது, பெயர் செவ்வாயை விடவில்லை.

அப்புறம், 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை போட்டது நினைவிருக்கும். எழுத்தை மாற்றியதற்கே அத்தனை சர்ச்சை கிளம்பி, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். நீங்கள் பெயரையே மாற்றச் சொல்கிறீர்கள்!

கேள்வி: இருப்பதிலேயே குட்டியான ஊர்ப்பெயர் எது? - ஓமலூர் வாசகி

பதில்: நார்வேயில் லோஃபோட்டன் தீவுகளில் ஒரு மீன்பிடி ஊருக்கு ஒரே எழுத்துதான் பெயர், கிட்டத்தட்ட 'ஓ' என்று சொல்வார்கள். ஊர்ப் பலகையை நினைவுப்பொருளாகக் கழற்றிக்கொண்டு போகிறவர்களால் அங்கே பெரிய தொல்லை. நம் நாட்டில் என்றால் ஒடிசாவின் ஈப் ரயில் நிலையம், ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து, பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயர் அது.

கேள்வி: ஏற்காடு லேடீஸ் சீட்டில் ஆண்கள் உட்காரலாமா? - ஆட்டையாம்பட்டி வாசகர்

பதில்: தாராளமாக உட்காரலாம், அது பஸ் சீட் இல்லை, மலை விளிம்பில் இருக்கிற பாறை. பக்கத்திலேயே ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் எல்லாம் உண்டு, யாரும் யாரையும் எழுப்பிவிட மாட்டார்கள். இருட்டிய பிறகு சேலம் முழுக்க விளக்கு எரிவது கீழே தெரியும், அதைப் பார்க்காமல் இறங்காதீர்கள். பனி மூடினால் மட்டும் ஒன்றும் தெரியாது, வானம் தெளிவாக இருக்கிற நாளாகப் பார்த்துக் குடும்பத்தோடு போங்கள்.