கன்ட்ரோலர் ஸ்டிக் தானாக நகர்கிறதா? வழக்கு, வாரண்டி, ரிப்பேர்: கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே பழுதைப் பற்றியவை. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் ஸ்டிக்கை யாரும் தொடவில்லை. ஆனாலும் திரையில் பாத்திரம் தானாக நடக்கிறது, கேமரா தானாகச் சுழல்கிறது. கேம் ஆடுகிறவர்கள் டிரிஃப்ட் என்று சொல்வது இதைத்தான். நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட், சோனி மூன்று நிறுவனங்கள் மீதும் அமெரிக்காவில் இதற்காக நுகர்வோர் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். 2019-ல் வாங்கிய நிண்டெண்டோ ஸ்விட்சில் இடது ஜாய்-கான் (பக்கத்தில் கழற்றி மாட்டும் கன்ட்ரோலர்) தானாகவே மேல்பக்கம் போகிறது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. நிண்டெண்டோ மீது கேஸ் நடக்கிறதாமே, அதில் பெயர் கொடுத்தால் நஷ்டஈடு வருமா?

பதில்: அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். முதல் பெரிய வழக்கு 2019 ஜூலையில் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு மாவட்ட ஃபெடரல் நீதிமன்றத்தில் தாக்கலானது. ஸ்டிக்கில் குறை இருப்பது தெரிந்தே விற்றார்கள் என்பது புகார். 2020 மார்ச்சில் நீதிபதி அதை ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது தனியார் நடுவரிடம், அனுப்பிவிட்டார். கலிஃபோர்னியாவில் ஒரு தாயும் மகனும் 2020-ல் போட்ட வழக்கும் அதே இடத்தில்தான் போய் நின்றது. கன்சோலோடு வரும் ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தவர்கள் பெற்றோர்தானே, பிள்ளைகளை அது எப்படிக் கட்டுப்படுத்தும் என்று வாதாடிப் பார்த்தார்கள், அதுவும் எடுபடவில்லை. ஆக, ஸ்டிக்கின் வடிவமைப்பில் குறை உண்டா இல்லையா என்று இந்த வழக்குகளில் எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

ஆனால் வழக்குப் போட்டதால் உங்களுக்கு ஒரு பலன் கிடைத்திருக்கிறது. முதல் வழக்கு வந்த சில நாட்களிலேயே, வாரண்டி முடிந்திருந்தாலும் டிரிஃப்ட் ஆன ஜாய்-கானை இலவசமாகச் சரிசெய்து கொடுங்கள், பில் கேட்க வேண்டாம் என்று அமெரிக்க நிண்டெண்டோ தன் வாடிக்கையாளர் சேவை ஊழியர்களுக்குச் சொன்னது செய்தியாக வெளிவந்தது. 2020 ஜூனில் நிறுவனத் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா பங்குதாரர் கூட்டத்தில் வருத்தம் தெரிவித்தார். வழக்கு நடப்பதால் விவரம் பேச முடியாது என்றும் சொன்னார்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். சிஸ்டம் செட்டிங்ஸில் ‘கன்ட்ரோலர்ஸ் அண்ட் சென்சார்ஸ்’ பகுதிக்குப் போய் ‘கேலிபிரேட் கன்ட்ரோல் ஸ்டிக்ஸ்’ என்பதைத் திறங்கள். ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து விடுங்கள். கையை எடுத்ததும் புள்ளி வட்டத்தின் நடுவுக்குத் திரும்பாமல் ஓரமாக நின்றால் அது டிரிஃப்ட்தான். அந்தத் திரையை, கை படாமல் இருப்பது தெரியும்படி, அரை நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு நிண்டெண்டோவின் அமெரிக்க ஆதரவுப் பக்கத்தில் ஜாய்-கான் ரிப்பேர் படிவத்தை நிரப்புங்கள். அனுப்பும் முன் கட்டணம் பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பாருங்கள். ஜாய்-கானை மட்டும் அனுப்புங்கள். கன்சோல், கை வார், மேலே ஒட்டிய உறை எதுவும் வேண்டாம். உங்கள் துண்டே திரும்பி வரும் என்று உறுதியில்லை, மாற்றுத் துண்டும் வரலாம். அதனால் ஸ்பெஷல் எடிஷன் நிறம் என்றால் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஸ்விட்ச் லைட் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அதில் ஸ்டிக் உடலோடு சேர்ந்தது, முழுக் கன்சோலையும் அனுப்பியாக வேண்டும். கேம் சேவ்களைக் கிளவுடில் ஏற்றிவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும்.

கேள்வி: விலை உயர்ந்த கன்ட்ரோலர்களே ஏன் இப்படி ஆகின்றன? பிள்ளைகள் முரட்டுத்தனமாக ஆடுவதாலா?

பதில்: பிள்ளைகளைத் திட்டாதீர்கள். ஸ்டிக்கின் அடியில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கின்றன, இடவலத்துக்கு ஒன்று, மேல்கீழுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு கார்பன் தடம். அதன்மேல் மெல்லிய உலோக நாக்கு உரசிக்கொண்டே போகும். நாக்கு எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும், ஸ்டிக் எங்கே இருக்கிறது என்று கன்சோல் அதை வைத்துக் கணக்கிடும். பழைய ரேடியோவின் வால்யூம் திருகு நாளாவட்டத்தில் கரகரப்பது போலத்தான் இதுவும். உள்ளே இருப்பது அதே வகைப் பாகம்.

உரசி உரசிக் கார்பன் தேய்கிறது. தேய்ந்த தூள் தடத்தின் மேலேயே படிகிறது. நாக்கின் அழுத்தமும் குறைகிறது. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்வது நடுப்பகுதி, ஏனென்றால் ஒவ்வொரு முறை விடும்போதும் ஸ்டிக் அங்கேதான் திரும்புகிறது. நடுவில் அளவு தப்பினால் கன்சோலுக்கு அது அசைவாகத் தெரியும். ஜாய்-கானில் இன்னொரு சிக்கல், ஸ்டிக் மிகத் தட்டையானது. உலோகமும் தடமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்க இடம் குறைவு. சில ஜாய்-கான்களில் ஸ்டிக்கின் பக்கத்தில் உடலை விரலால் அழுத்தினால் டிரிஃப்ட் நின்றுவிடுவதைப் பார்க்கலாம். அப்படி நின்றால், குறை தூசியைவிட அந்தப் பிடிப்பில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சோனி பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரை ஐஃபிக்ஸிட் தளம் பிரித்துப் பார்த்தது. உள்ளே இருந்தவை ஆல்ப்ஸ் நிறுவனத்தின் ஸ்டிக்குகள். பொட்டென்ஷியோமீட்டருக்குக் குறிப்பிடப்பட்ட ஆயுள் 20 லட்சம் சுழற்சி. வேகமான துப்பாக்கிச் சுடும் கேமில் நிமிடத்துக்குச் சுமார் 80 சுழற்சி என்று வைத்தால் 417 மணி நேரத்தில் அந்த எண்ணிக்கை முடிந்துவிடும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் ஏழு மாதம்! அந்த நேரத்தில் எல்லாக் கன்ட்ரோலரும் பழுதாகும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் சாதாரணமாக ஆடுகிறவரே பாகத்தின் ஆயுளைத் தாண்டிவிட முடியும் என்றால், குற்றத்தை வாங்கியவர் தலையில் போடுவது நியாயமே இல்லை.

கேள்வி: ஆர்பிட்ரேஷன் என்றால் என்ன? நான் எங்கேயும் கையெழுத்துப் போடவில்லையே?

பதில்: கன்சோலை முதன்முதலில் ஆன் செய்தபோது வந்த நீண்ட ஒப்பந்தத்தில் ‘சம்மதம்’ என்று அழுத்தியிருப்பீர்கள், அதுதான் கையெழுத்து. தகராறு வந்தால் நீதிமன்றம் போகாமல் தனியார் நடுவரிடம் போக வேண்டும், அதுவும் பலர் சேர்ந்து போகாமல் தனித்தனியாகப் போக வேண்டும் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கும். இப்படிப்பட்ட ஷரத்து செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் ஏடி அண்ட் டி மொபிலிட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் தகராறான தொகை 30 டாலர் 22 சென்ட், இலவசம் என்று சொல்லிக் கொடுத்த ஃபோனுக்கு வசூலித்த வரி.

இதனால் யாருக்கு நஷ்டம் என்பது வெளிப்படை. இந்த வழக்குகள் வந்த காலத்தில் ஒரு ஜோடி ஜாய்-கான் 80 டாலர். அதற்காகத் தனியாக வக்கீல் வைத்து யார் போராடுவார்? லட்சம் பேருக்குத் தலா 80 டாலர் நஷ்டம் என்றால் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது வழக்கு. சேரும் வழியையே அடைத்துவிட்டால், குறை நிரூபணமாகாமலேயே போய்விடும். 2020 ஏப்ரலில் எக்ஸ்பாக்ஸ் எலைட் கன்ட்ரோலருக்காக மைக்ரோசாஃப்ட் மீது வழக்கு வந்தபோது அந்த நிறுவனமும் ஆர்பிட்ரேஷனைத்தான் கேட்டது. அங்கேயும் பலன் நீதிமன்றத்துக்கு வெளியிலிருந்துதான் வந்தது: 2020 அக்டோபரில் எலைட் சீரிஸ் 2-இன் வாரண்டி 90 நாளிலிருந்து ஒரு வருடமானது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சோனி, நிண்டெண்டோ இரண்டின் அமெரிக்க ஒப்பந்தங்களிலும் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்தால் இந்த ஷரத்திலிருந்து விலகலாம் என்று இருக்கிறது. டூயல்சென்ஸுக்காகச் சோனி மீது 2021 பிப்ரவரியில் நியூயார்க்கில் வழக்குப் போட்டபோது, 30 நாள் தாண்டாத மற்றவர்கள் உடனே விலகல் கடிதம் அனுப்பும்படி வழக்கறிஞர்கள் சொன்னதும் இதனால்தான். கடிதத்தில் உங்கள் பெயர், முகவரி, கன்சோலின் சீரியல் எண், வாங்கிய தேதி, ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்ற ஒரு வரி இருந்தால் போதும். ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கும் முகவரிக்குத் தபாலில், அனுப்பியதற்கு ரசீது கிடைக்கும் முறையில் அனுப்புங்கள். விலகினால் வாரண்டி போய்விடாது.

30 நாள் கடந்துவிட்டதா? சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம் போவதை இத்தகைய ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. உங்களுடையதில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் அதன் வரம்பு 5,000 டாலர், வக்கீல் தேவையில்லை.

கேள்வி: லண்டனில் வாங்கிய ஜாய்-கான் இரண்டே கால் வருடத்தில் டிரிஃப்ட் ஆகிறது. வாரண்டி இல்லை என்று கடையில் கையை விரிக்கிறார்கள்.

பதில்: கடையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை. ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக் 2021 ஜனவரியில் ஏறத்தாழ 25,000 புகார்களைத் திரட்டி ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்தது. புகார் செய்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு வாங்கி இரண்டு வருடத்துக்குள்ளேயே ஸ்டிக் பழுதாகியிருந்தது. அதன் விளைவாக 2023-ல் நிண்டெண்டோ இறங்கி வந்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, பிரிட்டன், சுவிட்சர்லாந்தில் வாங்கிய ஜாய்-கான்களுக்கு, தேய்மானமே காரணமாக இருந்தாலும், வாரண்டி முடிந்திருந்தாலும் இலவச ரிப்பேர் என்று அறிவித்தது. நிண்டெண்டோ அங்கீகரித்த சென்டரில்தான் கொடுக்க வேண்டும். நீதிமன்றத்தில் சாதிக்க முடியாததை ஒழுங்காகப் பதிவான புகார்கள் சாதித்தன, அதனால் உங்கள் பழுதையும் தேதியோடு எங்காவது பதிவுசெய்யுங்கள்.

வேறு கம்பெனிக் கன்ட்ரோலர் என்றால் பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கடையைத்தான் கேட்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் பழுதானால் அது விற்கும்போதே இருந்த குறையாகக் கருதப்படும். அதற்குப் பிறகு அதை நீங்கள் நிரூபிக்க வேண்டும். பாகமே சீக்கிரம் தேயும் வகை என்று ஒரு ரிப்பேர் கடையில் எழுதி வாங்கிக் கொடுத்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

கேள்வி: வீட்டிலேயே சுத்தம் செய்து பார்க்கலாமா? திறந்தால் வாரண்டி போய்விடுமா?

பதில்: திறக்காமல் செய்யக்கூடியதை முதலில் செய்யுங்கள். ஜாய்-கானைக் கழற்றி அணைத்து, ஸ்டிக்கின் அடியிலுள்ள ரப்பர் பாவாடையைப் பல்குச்சியால் லேசாகத் தூக்கி, காண்டாக்ட் கிளீனர் அல்லது 99 சதவீத ஐசோப்ரொப்பில் ஆல்கஹால் ஓரிரு துளி விடுங்கள். அரை நிமிடம் சுழற்றி, கால் மணி நேரம் காயவிட்டு, மறுபடி கேலிபிரேட் செய்யுங்கள். சானிட்டைசர், சென்ட், எண்ணெய்ப்பசை உள்ள ஸ்பிரே எதுவும் கூடாது. பசை தூசியை இழுத்து நிலைமையை மோசமாக்கும். சில வாரத்தில் டிரிஃப்ட் திரும்பி வந்தால் தடம் தேய்ந்துவிட்டது, இனி துடைத்துப் பயனில்லை.

ஜாய்-கானில் ஸ்டிக்கை மாற்றுவது பொறுமைசாலிக்கு முடியும். பின்பக்கம் மூன்றுகால் தலையுள்ள நான்கு ஸ்க்ரூ, அதற்கு டிரை-விங் திருப்புளி வேண்டும். சாதாரண பிலிப்ஸ் போட்டால் தலை வழுக்கிவிடும். மூடியை விருட்டென்று இழுக்காதீர்கள், இரு பாதியையும் இணைக்கும் ரிப்பன் கேபிள் கிழிந்துபோகும். உள்ளே ஸ்டிக் இரண்டு ஸ்க்ரூவிலும் ஒரு ரிப்பனிலும்தான் நிற்கிறது. டூயல்சென்ஸ் அப்படியல்ல. ஒரு ஸ்டிக்குக்கு 14 சால்டர் புள்ளிகளை உருக்கி எடுக்க வேண்டும். பழக்கமில்லாதவர் கை வைத்தால் போர்டே போய்விடும்.

ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி ரத்து என்று பயமுறுத்துவது அமெரிக்காவில் பொதுவாகச் செல்லாது. 1975-இன் மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தைக் காட்டி ஃபெடரல் டிரேட் கமிஷன் 2018-ல் ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூன்றும் அந்த ஆறில் உண்டு. ஆனால் நீங்கள் கிழித்த கேபிளுக்கு அவர்கள் பொறுப்பல்ல. இலவச ரிப்பேர் கிடைக்கும்போது திறக்காமல் அனுப்புவதே நல்லது.

கேள்வி: சென்னையில் வாங்கிய பிஎஸ்5 கன்ட்ரோலர் பத்தாவது மாதத்தில் பழுதாகி சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். உங்கள் உபயோகத்தால் வந்தது என்று திருப்பிவிட்டார்கள்.

பதில்: அந்தக் காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள், வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். பில், டிரிஃப்ட் வீடியோ, ஜாப் ஷீட் மூன்றோடும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் சரியாகாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறையைச் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

அமெரிக்க வாசகர்களுக்கு இல்லாத பலம் ஒன்று உங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையம் போவதை அது தடுக்காது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் எம்மார் எம்ஜிஎஃப் - அஃப்தாப் சிங் வழக்கில் உறுதி செய்தது. கூடவே, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்படி ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஆணையத்தின் அனுமதியோடு சிலர் சேர்ந்தும் வழக்குப் போடலாம்.

கேள்வி: டிரிஃப்டே வராத கன்ட்ரோலர் உண்டா?

பதில்: ஹால் எஃபெக்ட் அல்லது டிஎம்ஆர் ஸ்டிக் உள்ளதைப் பாருங்கள். காந்தத்தின் நிலையை அருகிலுள்ள சென்சார் அளக்கும். உரசல் இல்லாததால் தேயும் தடமும் இல்லை. புது நுட்பமொன்றுமில்லை, சேகாவின் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. ஸ்பிரிங் தளர்வது, நடுநிலை லேசாக விலகுவது போன்றவை இதிலும் வரலாம், ஆனால் கார்பன் தேய்மானம் வராது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் ஜாய்-கானில் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் கிடையாது; கன்சோலில் ஒட்டிக்கொள்ள உதவும் காந்தத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். சோனியின் டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரும் பொட்டென்ஷியோமீட்டர்தான், ஆனால் ஸ்டிக்கைச் சால்டரிங் இல்லாமல் தனியாகக் கழற்றி மாற்றலாம்.

பெட்டியில் ‘ஹால் எஃபெக்ட்’ என்று போட்டிருந்தால் அது ஸ்டிக்குக்கா, ஆள்காட்டி விரலால் அழுத்தும் டிரிக்கருக்கா என்று படியுங்கள். டிரிக்கருக்கு மட்டும் ஹால் சென்சார் வைத்து ஸ்டிக்கில் பழைய பொட்டென்ஷியோமீட்டரையே போட்டு விற்கும் மாடல்கள் சந்தையில் இருக்கின்றன.