அதிரசம் ஏன் எண்ணெயில் பிரிகிறது? பினாங்கு அடுப்படிக் கேள்வி பதில்

வணக்கம். வந்த கேள்விகளில் பாதி தீபாவளிப் பலகாரம், பாதி பிள்ளைகளின் இருமல். கேட்டவரின் ஊரை முன்னால் போட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

பட்டர்வொர்த்: அக்கா, அதிரசத்தை எண்ணெயில் போட்டதும் பிரிந்து போகிறது. வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா (தென்னஞ்சர்க்கரை) போட்டேன். அதனாலா?

இல்லை தங்கச்சி, பாகு முற்றவில்லை. ஒரு கிலோ பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்துப் பரப்புங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஒட்டக்கூடாது. அந்த ஈரத்தோடு அரைத்துச் சலியுங்கள். முக்கால் கிலோ வெல்லத்தையோ குலா மலாக்காவையோ தண்ணீரில் கரைத்து, வடிகட்டிக் காய்ச்சுங்கள். எங்கள் அம்மா மங்குக் கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் வைத்துக்கொண்டு சொட்டு சொட்டாக விடுவார். சொட்டு கரைந்தால் இன்னும் காய வேண்டும். விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும், அதுதான் பதம். உடனே இறக்கி, ஏலக்காய், சுக்குப்பொடி போட்டு மாவைக் கொட்டிக் கிளறி, ஒரு நாள் மூடி வையுங்கள். இப்போது கையில் இருக்கும் மாவில் இரண்டு பிடி அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, ஒன்றே ஒன்று சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தேறிவிடும்.

புக்கிட் மெர்தாஜாம்: எட்டு மாதக் குழந்தைக்கு இருமல். துளசிச் சாற்றில் தேன் கலந்து தரலாமா?

வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தேனை நாக்கில் கூடத் தடவாதீர்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். தேனைக் காய்ச்சினாலும் அது சாகாது. தாய்ப்பால் கொடுங்கள், கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆயர் ஈத்தாம்: முறுக்கு மறுநாளே நமத்துப் போகிறது.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். எண்ணெயில் சலசலப்பு அடங்கிய பிறகே எடுங்கள். நன்றாக ஆறியபின் டின்னில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வியர்க்கும். அரிசி மாவு நான்குக்கு வறுத்த உளுத்த மாவு ஒன்று.

சுங்கை டுவா: குலா மலாக்காவில் செய்தால் அது அதிரசமே இல்லை. வெல்லம்தான் போட வேண்டும்.

பாயான் லெப்பாஸ்: கருப்பட்டியும் குலா மலாக்காவும் ஒன்றுதானே? எதற்குச் சண்டை?

இரண்டு பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன். கருப்பட்டி பனைமரத்துப் பதநீரில் காய்ச்சுவது, குலா மலாக்கா தென்னம்பாளைச் சாற்றில். வெல்லம் கரும்பில் வருவது. மணம் மூன்றிலும் வேறு. ஆனால் அதிரசம் இல்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிபோங் தெபால் பக்கம் தோட்டத்தில் வெல்லம் கிடைக்காத வருடங்களில் எங்கள் வீட்டில் குலா மலாக்காதான். கறுத்துச் சிவந்து, லேசான புகை வாசத்தோடு இருக்கும் அந்த அதிரசத்தைச் சாமிக்கே படைத்தோம். வாங்கும்போது பார்த்து வாங்குங்கள், பல கட்டிகளில் வெள்ளைச் சீனி கலந்திருக்கிறது.

சுங்கை டுவா: தமிழ்நாட்டில், நம் ஊரில், யாரும் அப்படிச் செய்வதில்லை, அக்கா.

அங்கே தென்னஞ்சர்க்கரை அடுப்படிக்கு அதிகம் வரவில்லை, இங்கே வந்தது. நம் பாட்டிமார் கையில் இருந்ததை வைத்துப் பண்டிகையை விடாமல் கொண்டாடினார்கள். அதைக் குறைவாகப் பேசாதீர்கள்.

ஜெலுத்தோங்: முறுக்கு நமக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

மேலே ஆயர் ஈத்தாமுக்குச் சொன்னதேதான்.

கெப்பாலா பத்தாஸ்: மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு வலி. பப்பாளி இலைச் சாறு எவ்வளவு குடிக்கணும்?

சாறு இருக்கட்டும், இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். டெங்கியாக இருக்கலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் தொடாதீர்கள். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று இருந்துவிடாதீர்கள், ஆபத்து அப்போதுதான் ஆரம்பிக்கும். வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் நேரே ஆஸ்பத்திரி.

பாலேக் பூலாவ்: சளிக்குச் சுக்குக் கஷாயம் எப்படி?

விரல் நீளச் சுக்கைத் தட்டி, பத்து மிளகு, ஒரு கரண்டி மல்லி விதை, மூன்று டம்ளர் தண்ணீர். பாதியாக வற்றட்டும். கருப்பட்டி போட்டு இளஞ்சூட்டில் குடியுங்கள். பெரியவர்களுக்கு மட்டும்.

தஞ்சோங் தோக்கோங்: பத்து மாதப் பேரனுக்குக் கஷாயத்தில் கொஞ்சமாகத் தேன்...

கஷாயமும் வேண்டாம், தேனும் வேண்டாம் அம்மா. தேனுக்கு முதல் பிறந்தநாள் கழியட்டும்.