மூணு பவுன் கட்டின கொள்ளுத்தாத்தா

கேள்வி: அக்கா, எங்க கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா வந்தவர் இல்ல, சொந்தக் காசுல டிக்கெட் எடுத்து வியாபாரம் பண்ண வந்த பாசஞ்சர்னு எங்க ஆயா சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க. வருஷா வருஷம் கவர்மெண்டுக்கு மூணு பவுன் (தங்கம் இல்ல, இங்கிலீஷ்காரன் பணம்) வரி கட்டுவாராம், அவ்வளவு வசதியாம். இப்ப என் அண்ணன் மகன், கூலியா வந்தவங்க பேரை எழுதி வச்ச பழைய கப்பல் லிஸ்ட்ல அதே பேரு இருக்குன்னு ஒரு பக்கத்தைக் காட்டுறான். வீட்ல ஒரே சண்டை. யாரை நம்புறது?
— ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தங்கச்சி, ஆயா பொய் சொல்லல. ஆனா அந்த மூணு பவுன் இருக்கு பாருங்க, அதுதான் கதையைக் காட்டிக் குடுத்துடுச்சு. நேட்டால்ல, அதாவது டர்பன் இருக்குற அப்போதைய இங்கிலீஷ்காரன் காலனியில, 1895ல ஒரு சட்டம் போட்டாங்க, அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் கூலி வேலை செய்றோம்னு ஒப்பந்தத்துல வந்தவங்க அது முடிஞ்சதும் ஊருக்கும் திரும்பாம, மறுபடி ஒப்பந்தமும் போடாம இங்கேயே இருந்தா தலைக்கு வருஷம் மூணு பவுன். பாசஞ்சரா வந்தவங்களுக்கு இந்த வரியே கிடையாது. தோட்டத்துல முதல் வருஷம் மாசச் சம்பளம் 10 ஷில்லிங், மூணு பவுன்னா 60 ஷில்லிங், ஆறு மாசச் சம்பளம் அப்படியே போச்சு. வசதிக்குக் கட்டின காசா அது! 1913ல தோட்டமும் சுரங்கமும் ஸ்ட்ரைக்ல இறங்கி, 1914லதான் அந்த வரியை எடுத்தாங்க. கடைசிக் கப்பல் 1911ல வந்துச்சு, ஆனா ஒப்பந்தம் அஞ்சு வருஷம்ங்கிறதால வரி கட்டினவர் 1895க்கும் 1909க்கும் நடுவுல வந்திருக்கணும். ஒப்பந்தம் முடிஞ்சு அவர் காய்கறிக் கூடை தூக்கியோ கடை வச்சோ வியாபாரம் பண்ணியிருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் பண்ணினாங்க, ஆயா பார்த்தது அந்தத் தாத்தாவா இருக்கும்.

அதுக்காக அண்ணன் மகன் ஜெயிச்சுட்டான்னு நினைக்க வேணாம். 1860ல ட்ரூரோ கப்பல்ல 342 பேர் மெட்ராஸ்லேர்ந்து வந்ததுல ஆரம்பிச்சு மொத்தம் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க, அதுல முனுசாமியும் கோவிந்தனும் எத்தனை இருப்பாங்க சொல்லுங்க. பேரு ஒத்துப்போறது ஒண்ணும் இல்ல. நம்பர் வேணும். ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலனி நம்பர் குடுத்தாங்க, அது பழைய கல்யாணப் பத்திரத்துலயோ பிள்ளைங்க பிறப்புப் பதிவுலயோ இருக்கும், பெட்டிக்கு அடியில கிடக்குற காகிதத்தையெல்லாம் முதல்ல பாருங்க. நம்பர் கிடைச்சா லிஸ்ட்ல அப்பா பேரு, வயசு, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்குற தழும்பு, எந்த முதலாளிகிட்ட அனுப்பினாங்கன்னு வரிசையா இருக்கும். ஆயா எந்தத் தோட்டத்துப் பேரையாவது சொல்லியிருந்தா அதோட ஒத்துப் பாருங்க, பேரைவிட அது கெட்டியான சாட்சி. ஊர்ப் பேரை வாய்விட்டுப் படிங்க, எழுதினவர் காதுல விழுந்தபடி இங்கிலீஷ்ல எழுதியிருப்பார், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

சாதின்னு ஒரு கட்டம் இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு வீட்ல அடுத்த சண்டையை ஆரம்பிச்சுடாதீங்க. கேட்டவங்க கேட்டாங்க, சொன்னவங்க வாய்க்கு வந்ததைச் சொன்னாங்க, வயசும் அப்படித்தான்.

இன்னொண்ணு. வரி கட்டினது இந்தக் கொள்ளுத்தாத்தாதானா? ஆயாவோட அம்மா பக்கத்து ஆள் கதை இவர் தலையில வந்து உக்காந்திருக்கலாம், எங்க வீட்லயே ரெண்டு தாத்தா ஒரே தாத்தாவா ஆகி நாப்பது வருஷம் ஓடிச்சு. மிளகாய்ச் செடியைப் பிடுங்கினா வேர்ல தங்கம்னு ஏமாத்திக் கூட்டி வந்தாங்கங்கிற கதை உங்க வீட்லயும் இருக்குமே, அதை எந்த லிஸ்ட்லயும் தேட முடியாது, விடுங்க.

கொள்ளுப்பாட்டியைப் பத்தி ஒரு வரிகூட எழுதலியே? ஒப்பந்தத்துல வந்திருந்தா அவங்களுக்கும் தனி நம்பர் உண்டு. பொம்பளைங்க எண்ணிக்கை கம்மி, தேடுறது சுலபம். அண்ணன் மகனை அங்கேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுங்க.