சியர்ஸ் மோட்டார் பக்கி வாங்கப் போகிறீர்களா?

கேள்வி: 1910-ஆம் வருடத்து சியர்ஸ் மோட்டார் பக்கி (குதிரை வண்டி போல உயரமான சக்கரங்கள் கொண்ட பழைய அமெரிக்கக் கார்) ஒன்று விலைக்கு வருகிறது. எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்கிறார் விற்பவர். எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: எஞ்சினை அப்புறம் பார்க்கலாம். இருக்கைக்கு அடியில் இருக்கும் அந்த இரட்டை சிலிண்டர், காற்றில் குளிரும் எளிய எஞ்சின்; நல்ல மெக்கானிக் ஒருவர் சரிசெய்துவிடுவார். உங்கள் பணத்தை விழுங்கப்போவது சக்கரங்கள்தான்.

சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908 முதல் 1912 வரை இந்த வண்டியைத் தபால் கேட்லாக் வழியாக விற்றது. ஆரம்ப விலை 395 டாலர். அன்றைய அமெரிக்க கிராமத்துச் சாலைகள் மழை பெய்தால் வெறும் சேறு. குதிரை வண்டித் தடங்களில் அடிப்பாகம் தட்டாமல் போவதற்காகவே சக்கரங்கள் அவ்வளவு உயரம்.

அவை மரச் சக்கரங்கள் என்பதால், ஜாக்கி வைத்து ஒவ்வொன்றையும் தூக்குங்கள். மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். ஆரக்கால் குடத்தில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) சேரும் இடத்தில் 'கிறீச்' என்று கேட்டால் மரம் சுருங்கிவிட்டது. ஆரக்கால்களைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் உளுத்திருக்கலாம். சக்கரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்கமாகக் காட்டும் தந்திரமும் உண்டு. காய்ந்ததும் மறுபடி ஆடும். ஈரமோ புது பெயின்டோ தெரிந்தால் உஷார்.

அடுத்தது உராய்வு டிரைவ், அதாவது எஞ்சினின் சக்தியை உரசல் மூலம் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் அமைப்பு. இதில் கியர்பெட்டி கிடையாது. எஞ்சினோடு சுழலும் தட்டின் முகத்தில் ஒரு சிறு சக்கரம் உரசி ஓடும். தட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அதை நகர்த்தினால் வேகம் கூடும். நடுவைத் தாண்டி மறுபக்கம் கொண்டுபோனால் ரிவர்ஸ். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் எண்ணெய் பட்டால் வழுக்கும். வண்டி நகராமல் தட்டு மட்டும் சுழன்றால் சிறு சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் தட்டையாகத் தேயும். பிறகு ஓடும்போது 'தட், தட்' என்று சீராக அடிக்கும். அந்த விளிம்பைப் புதிதாகச் செய்துகொள்ளலாம். செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பின்சக்கரங்களுக்குப் போகும் இரண்டு செயின்களும் ஒரே அளவு இறுக்கமாக இருக்கவேண்டும்.

உச்ச வேகம் மணிக்கு 40 கி.மீ. அளவுதான், பிரேக்கை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். முன்பணம் தருவதற்கு முன், சிறு மேடு ஒன்றில் ரிவர்ஸில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். வண்டி ஏறத் தயங்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், இல்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.